சின்ன ஆராதனைக் கூடத்துக்கு எந்த ராடு குச்சி வாங்குவது?

கேள்வி: பாலக்கோடு பக்கத்தில் எங்கள் சபை. அறுபது, எழுபது பேர் உட்காரும் ஹால், மேலே ஷீட் கூரை. நான்தான் டிரம்ஸ் வாசிக்கிறேன். பாட்டே கேட்கவில்லை, டிரம்ஸ்தான் கேட்கிறது என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். பாஸ்டர் ஐயாவும் வாராவாரம் "தம்பி, கொஞ்சம் மெதுவா" என்கிறார். மெதுவாக வாசித்தால் எனக்கு டெம்போ இழுத்துவிடுகிறது. மெல்லிய குச்சிகளைக் கட்டாகச் சேர்த்த ராடு வாங்கினால் சத்தம் குறையும் என்கிறார்கள். 7 குச்சி, 19 குச்சி, மூங்கில், பிளாஸ்டிக் என்று பல வகை இருக்கிறதாம். எதை வாங்குவது? வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா? வீட்டுப் பயிற்சிக்கும் அது உதவுமா? பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்.
— ஒரு வாசகர், தர்மபுரி மாவட்டம்

பதில்:

தம்பி, வாங்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 19 குச்சி உள்ள பிர்ச் மர ராடு, நகர்த்தக்கூடிய வளையம் போட்டது, 16 அங்குல நீளம். உங்கள் ஹாலுக்கு அதுதான் சரி. ஆனால் அதை வாங்கியதும் உங்கள் பிரச்சினை பாதிதான் தீரும். மீதிப் பாதி உங்கள் வலது காலிலும் சிம்பலிலும் இருக்கிறது. அதனால் கடைசி வரை படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஏன் எங்கே பார்த்தாலும் 7, 19 என்றே சொல்கிறார்கள் தெரியுமா? ஒரே தடிமனுள்ள குச்சிகளைக் கையில் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒன்று வைத்தால் அதைச் சுற்றி சரியாக ஆறு நிற்கும். ஆக 7. அதற்கு வெளியே இன்னொரு சுற்று போட்டால் பன்னிரண்டு நிற்கும். ஆக 19. இந்த இரண்டு எண்ணிக்கையிலும் கட்டு இடைவெளி இல்லாமல் உருண்டையாக அமைந்துவிடும், கையிலும் உறுத்தாது.

ஐந்து மில்லிமீட்டர் குச்சி ஏழைக் கட்டினாலும், மூன்று மில்லிமீட்டர் குச்சி பத்தொன்பதைக் கட்டினாலும் மொத்தத் தடிமன் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர்தான் வரும். நீங்கள் இப்போது வாசிப்பது வழக்கமான 5ஏ அளவுக் குச்சி என்றால் அது சுமார் 14 மில்லிமீட்டர் இருக்கும். கையில் பிடித்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். அடித்தால் மூன்றும் மூன்று விதம். ஒரு குச்சி எவ்வளவு விறைப்பு என்பது அதன் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் 7 குச்சிக் கட்டு 19 குச்சிக் கட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பு. அதே தடிமனுள்ள முழு மரக்குச்சியோ அந்த 7 கட்டைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விறைப்பு. விறைப்பு குறையக் குறைய அடியின் வேகத்தில் ஒரு பங்கு குச்சிகள் வளைவதிலும் ஒன்றோடொன்று உரசுவதிலுமே செலவாகிவிடும். மிச்சம்தான் தோலுக்குப் போகிறது. அதுவும் ஒரே புள்ளியில் "டக்" என்று விழாமல் பல நுனிகளாகப் பரவி விழுகிறது. காதைக் குத்தும் அந்தக் கூர்மை போவதற்கு இதுவே காரணம்.

ஆக, 7 என்றால் முழுக்குச்சிக்குப் பக்கத்தில், 19 என்றால் டிரம்ஸ் வாசிக்கும் கம்பிப் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை கூடினால் சத்தம் கூடும் என்று சிலர் தலைகீழாக நினைத்துக்கொண்டு 7 வாங்கிவிடுகிறார்கள். வாங்கும்போது இதில் கவனம்.

பெயர் சொல்லிக் கேட்பதானால், புரோமார்க் கம்பெனியின் ஹாட் ராட்ஸ் 19 பிர்ச் குச்சிகள் கொண்டது. ராடு என்றாலே பல வாசிப்பாளர்கள் இதைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். அதே கம்பெனியின் தண்டர் ராட்ஸ் 7 தடித்த குச்சிகள். கூல் ராட்ஸ் என்பது ஹாட் ராட்ஸைவிட மெலிந்த குச்சிகளால் ஆனது, இன்னும் அமைதி. விக் ஃபர்த் கம்பெனியிலும் ரூட் என்ற பெயரில் இதே மாதிரி வரிசை இருக்கிறது. உங்கள் ஹாலில் கீபோர்டும் பாடுகிறவர்களும் மைக்கில் இருந்தால் ஹாட் ராட்ஸ் வகை. மைக்கே இல்லாமல் வெறும் குரலில் பாடும் வீட்டு ஜெபக்கூட்டம் என்றால் கூல் ராட்ஸ் வகை. கிறிஸ்துமஸ் நேரத்தில் வெளியே பந்தல் போட்டு வாசிக்கும்போது 19 போதாது. அங்கே 7 எடுக்கலாம், அல்லது பழைய குச்சிக்கே திரும்பிவிடலாம்.

பிளாஸ்டிக் ராடு சீக்கிரம் உடையாது, அது உண்மை. ஆனால் ஸ்னேரில், அதாவது அடியில் கம்பி கட்டிய டிரம்மில், விழும்போது மரத்தின் இதம் அதில் வராது, "சடக்" என்று ஒரு சத்தம் வரும். ஷீட் கூரைக்குக் கீழே அந்தச் "சடக்" ஒட்டாது. அதிகம் உடைக்கிற கை என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

கடையில் பார்க்க வேண்டியதையும் சொல்கிறேன். சேலமோ பெங்களூருவோ போய் நேரில் வாங்கினால் உறையைப் பிரித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டுங்கள். கைப்பிடிக்குள் கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே பசை சரியாகப் பிடிக்கவில்லை, வேண்டாம். நுனியை நேராக முகத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். எல்லாக் குச்சியும் ஒரே மட்டத்தில் முடிய வேண்டும். ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் எல்லா அடியையும் அது ஒன்றே வாங்கி முதலில் முறியும். இரண்டையும் இரண்டு கையில் தூக்கி எடை ஒன்றுதானா என்று பாருங்கள். வளையம் விரலால் தள்ளினால் நகர வேண்டும், உதறினால் நகரக்கூடாது. ஆன்லைனில் வாங்கினால் இந்தச் சோதனையை வந்த அன்றே செய்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அந்த வளையம் ஏதோ அழகுக்கு என்று நினைத்துத் தொடாமலேயே வாசிப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு இது பெரிய வருத்தம், ஏனென்றால் காசு கொடுத்து வாங்கிய பொருளில் பாதி அதில்தான் இருக்கிறது. வளையத்தை நுனிப்பக்கம் தள்ளினால் கட்டு இறுகும், குச்சி மாதிரி ஆகும், சத்தம் கூடும். கைப்பிடிப் பக்கம் இழுத்தால் நுனி விரியும், அடி பரவி மென்மையாகும். முதல் வாரம் வளையத்தைக் கைப்பிடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வைத்துத் தொடங்குங்கள். ஸ்தோத்திரப் பாட்டுக்கு நுனிப்பக்கம் கொஞ்சம் தள்ளிக்கொள்ளலாம், ஜெபத்துக்கு முன்னால் வரும் மெல்லிய பாட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொள்ளலாம். இரண்டு பாட்டுக்கு நடுவில் சாட்சி சொல்லும் நேரமே இதற்குப் போதும்.

முதல் நாள் உங்களுக்குப் பிடிக்காது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குச்சி தானாகத் துள்ளித் திரும்பி வரும் அல்லவா, ராடில் அந்தத் துள்ளல் பாதிகூட இருக்காது. ஒரே கையால் அடுத்தடுத்து இரண்டு அடி வைக்கும் டபுள் ஸ்ட்ரோக் சேறாகிவிடும். தாளம் ஓட்டும் ரைடு சிம்பலில் "டிங்" போய் "சிஸ்" என்று வரும், ஏனென்றால் ராடுக்கு உருண்டை நுனி கிடையாது. சிம்பலின் மணிப்பகுதியில் அடித்தால் ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. கிராஸ் ஸ்டிக், அதாவது குச்சியை ஸ்னேரில் படுக்க வைத்து ரிம் என்ற விளிம்பு வளையத்தில் தட்டும் அடி, வைத்தால் சத்தமே எழாது. அதற்கு ராடைத் திருப்பிப் பிடித்து, உறை போட்ட கைப்பிடிப் பக்கத்தை ரிம்மில் தட்டுங்கள், ஓரளவு கட்டையான ஒலி வரும். தோலையும் ரிம்மையும் ஒரே அடியில் அடிக்கும் ரிம் ஷாட் மட்டும் வேண்டவே வேண்டாம். டிரம்மின் இரும்பு ரிம்மில் நான்கு அடி பட்டால் வெளிச்சுற்றுக் குச்சிகள் பிளந்துவிடும். அழுத்தமான இடங்களில் ஓங்கி அடிக்கும் கிராஷ் சிம்பலின் ஓரத்தைக் குறுக்காக வெட்டுவதும் அப்படியே. கிராஷை மேலிருந்து படுக்கையாகத் தடவிவிடுகிற மாதிரி அடியுங்கள்.

இரண்டு கையிலும் ஒரே குச்சிதான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நம் ஊர்ப் பறையையே பாருங்கள். ஒரு கையில் மெலிந்த நீளமான மூங்கில் சிண்டுக்குச்சி, இன்னொரு கையில் குட்டையான அடிக்குச்சி. ஒன்று சடசடக்கிறது, ஒன்று அதிர்கிறது, சேர்ந்துதான் அது பறையின் சத்தம். நீங்களும் ஹைஹாட்டுக்கு (காலால் திறந்து மூடும் ஜோடிச் சிம்பல்) போகும் வலது கையில் ராடும், ஸ்னேருக்குப் போகும் இடது கையில் 7ஏ மாதிரி ஒரு மெலிந்த குச்சியும் வைத்துப் பாருங்கள். கிராஸ் ஸ்டிக் உடனே திரும்பி வந்துவிடும், ஹைஹாட்டின் இரைச்சலும் அடங்கும். சின்ன ஹாலில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இனி கால். கையில் ராடு வந்ததும் ஸ்னேரும் டாமும் அடங்கிவிடும். அப்போதுதான் காலால் அடிக்கும் கிக் டிரம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இதுவரை ஸ்னேர் அதை மறைத்துக்கொண்டிருந்தது. ராடு வாங்கின முதல் ஞாயிறு "இப்ப தொம்தொம்னுதான் கேக்குது" என்று யாராவது சொல்வார்கள், மனம் உடைந்துவிடாதீர்கள். ஒரு பழைய தலையணையை, அல்லது சுருட்டிய ஜமுக்காளத்தை, கிக் டிரம்முக்குள் வைத்து அடிபடும் தோலைத் தொடும்படி ஒட்டி வையுங்கள். பீட்டர், அதாவது பெடலில் தோலை அடிக்கும் தலை, பிளாஸ்டிக் பக்கம் அடிக்கிறதா, கம்பளிப் பக்கம் அடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் உள்ள பீட்டர் என்றால் கம்பளிப் பக்கத்துக்குத் திருப்புங்கள், இதற்குக் காசே செலவில்லை. குதிகாலைத் தூக்கி முழுக்காலின் எடையையும் போட்டு அடிக்கிற பழக்கம் இருந்தால், குதிகாலைப் பெடலில் ஊன்றி கணுக்காலை மட்டும் அசைத்து வாசித்துப் பழகுங்கள். பீட்டர் தோலில் புதைந்து நிற்காமல் தொட்டுத் திரும்பட்டும். கிட்டுக்குக் கீழே தடித்த பாய் ஒன்று கட்டாயம்.

சிம்பலில் முதல் குற்றவாளி பாதி திறந்த ஹைஹாட். பாட்டு சூடேறியதும் இடது கால் தானாகத் தளர்ந்து ஹைஹாட் திறந்து "ஷ்ஷ்ஷ்" என்று கொட்டத் தொடங்கும். ஷீட் கூரை அந்தச் சத்தத்தை விழுங்காமல் அப்படியே திருப்பிக் கீழே வீசும். பாடுகிறவர்களின் வார்த்தையில் ச, த போன்றவை எந்த இடத்தில் ஒலிக்கின்றனவோ அதே உயர்ந்த ஒலிகளில்தான் சிம்பலும் போய் உட்காருகிறது. பெரியவர்கள் "பாட்டே கேட்கவில்லை" என்று சொல்வதன் பொருள் இதுதான். அவர்களுக்கு ராகம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை. ஹைஹாட்டை மூடி, ராடின் நுனியால் மேல்தட்டின் நடுப்பகுதியில் வாசியுங்கள். கிராஷை ஒரு பாட்டுக்கு இரண்டு மூன்று இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்னேர் தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய் அடைத்த இரட்டைத் தோல், அதாவது ஹைட்ராலிக் வகை போட்டிருந்தால் ராடு அதில் செத்துவிடும். அந்தத் தோல் பலமாக அடித்தால்தான் பேசும். ஒற்றைத் தோல், மேலே வெள்ளைப் பூச்சு சொரசொரவென்று இருப்பது, ரெமோவின் கோட்டட் அம்பாசடர் மாதிரி, மெல்ல அடித்தாலே பதில் சொல்லும். கொஞ்சம் ஏற்றி டியூன் செய்து, ஸ்னேர் கம்பியை அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள்.

மெதுவாக வாசித்தால் டெம்போ இழுக்கிறது என்றீர்களே, கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். அது உங்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. உயரத் தூக்கி அடிக்கும்போது கை மேலே போய்க் கீழே வரும் நேரமே உங்களுக்குக் கடிகாரமாக இருக்கிறது. தூக்கும் உயரம் குறைந்ததும் அந்தக் கடிகாரம் காணாமல் போகிறது, கை எங்கே காத்திருப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறது. ராடு இதைச் சரிசெய்யாது. துள்ளல் குறைவதால் முதலில் இன்னும் மோசமாகக்கூட ஆகலாம். பயிற்சிப் பேடில் மெட்ரோனோமை, அதாவது தாளம் எண்ணும் கருவியை, நிமிடத்துக்கு 70-ல் வைத்து, குச்சி நுனி மூன்று அங்குலத்துக்கு மேல் எழும்பாமல் வெறும் எட்டெட்டு அடியாகத் தினமும் பத்து நிமிடம் வாசியுங்கள். பிறகு 60-க்கு இறக்குங்கள். வேகம் குறையக் குறையத்தான் கஷ்டம் கூடும். வாயால் "ஒண்ணு-ன்-ரெண்டு-ன்" என்று எண்ணிக்கொண்டே வாசியுங்கள், உள்ளே ஓடும் எண்ணிக்கை கையின் உயரத்தைச் சார்ந்திராமல் தனியாக நிற்க ஆரம்பிக்கும். மெதுவாகவும் நேராகவும் வாசிக்கத் தெரிந்தவரை எந்த மேடையும் கூப்பிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் சபைகளில் பாய் விரித்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை எங்கே உட்கார வைக்கிறார்கள்? முன்வரிசையில், பெரும்பாலும் டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே. வேலையிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான என்ஐஓஎஸ்ஹெச் வைத்திருக்கும் அளவு 85 டெசிபல், ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் போனால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்தான். சின்ன ஹாலில் முழுக் குச்சியில் பலமாக வாசிக்கும் டிரம்ஸ் பக்கத்தில் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். இந்த அளவு பெரியவர்களின் வேலையிடத்துக்காகப் போட்டது, பிள்ளைகளுக்காகப் போட்டதே இல்லை. பாஸ்டர் ஐயாவிடம் நீங்களே போய்ப் பிள்ளைகளின் பாயை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் வந்து குறை சொல்லும் நிலை மாறி, நீங்கள் அவரிடம் யோசனை சொல்லும் நிலை வரும். உங்கள் காதுக்கும் ஒரு ஜோடி இயர் பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே வாராவாரம் உட்காருகிறவர்.

வீட்டில் செய்யலாமா என்றால், செய்யலாம். தென்னை ஈர்க்குச்சிக் கட்டு ஸ்னேரில் பிரஷ் மாதிரி அழகாகவே பேசும், ஆனால் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருப்பதால் சீக்கிரம் நுனி உதிரும். மூங்கில் நல்லது. நம் பக்கம் பட்டுப்புழு கூடு கட்டும் தட்டான சந்திரிகையைப் பின்னுகிறவர்கள், கூடை முறம் செய்கிறவர்கள் யாராவது தெரிந்தால் காய்ந்த மூங்கிலில் மூன்று மில்லிமீட்டர் சிம்பாக, கணு இல்லாத பகுதியில், 16 அங்குலத்துக்குச் சீவித் தரச் சொல்லுங்கள். கடையில் விற்கும் கபாப் குச்சி பெரும்பாலும் நீளம் போதாது. ஒவ்வொன்றையும் உப்புத்தாளால் தேய்த்து உருட்டையாக்குங்கள். மூங்கில் விளிம்பு பிளேடு மாதிரி, தோலைக் கீறிவிடும். பத்தொன்பதையும் சேர்த்து அடியில் ஐந்தரை அங்குலத்துக்குப் பசை தடவி, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூபைப் போட்டுச் சூடு காட்டினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். டியூப் கிடைக்காவிட்டால் இன்சுலேஷன் டேப். நடுவில் வளையத்துக்குப் பிளம்பிங் கடை ரப்பர் வாஷர் போதும். கடையில் வாங்கும் ராடின் சமநிலை இதில் வராது, இரண்டும் ஒரே எடையில் அமைவதும் கஷ்டம். பயிற்சிக்கும், ராடு உங்களுக்கு ஒத்துவருமா என்று காசு செலவழிக்கும் முன்னால் தெரிந்துகொள்வதற்கும் இது நல்ல வழி. உடைந்த துண்டு தெறித்துக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடை ராடானாலும் சரி, வீட்டு ராடானாலும் சரி, வெளிக்குச்சி ஒன்று பிளந்தால் அதை உடனே அடியோடு நறுக்கிவிட வேண்டும். பிளந்த முனை தோலை ஓட்டை போடும். இரண்டு மூன்று போனாலும் ராடு வாசிக்கும், அதற்கு மேல் மாற்றுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு ராடு போதாது, தம்பி. இதில் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர விரும்பவில்லை. மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45. எந்த ராடு போட்டாலும் சுவரை ஒட்டிய வீட்டில் முழு டிரம்ஸ் கிட்டை அந்த அளவுக்கு இறக்க முடியாது. சண்டைக்கு வருகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வீட்டில் ரப்பர் பேடு ஒன்று வைத்து குச்சியில் வாசியுங்கள், பேடுக்குக் கீழே மடித்த துணி போடுங்கள். கிட்டில்தான் வாசித்தாக வேண்டும் என்றால் வலைத்தோலும், துளை போட்ட குறைசத்தச் சிம்பலும் தனியாகக் கிடைக்கின்றன, செலவு அதிகம். வலைத்தோலில் மட்டும் ராடால் வாசித்துவிடாதீர்கள். குச்சிச் சிம்புகள் வலையில் சிக்கிக் கிழித்துவிடும், எலக்ட்ரானிக் பேடுக்கும் இதே கதிதான். ராடை சபையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சிக்குப் போகும்போது யாரையாவது கடைசி வரிசையில் உட்கார வைத்து ஒரு பாட்டு வாசியுங்கள். சொல் புரிகிறதா என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். புரியவில்லை என்றால் முதலில் ஹைஹாட்டைக் குறையுங்கள், பிறகு காலை, அதற்குப் பிறகுதான் ராடின் வளையத்தைத் தொட வேண்டும்.